முதியோர் இல்லம் தேவலையா என்று கேட்ட மச்சானுக்கு

காம்பார்,
25.8.1984

மதிப்பும் பாசமும் நிறைந்த மச்சான் அப்பாவு அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் காலஞ்சென்ற தங்கை நவமணியின் கணவன் உடையப்பன் பணிவுடன் வரைவது. இவ்விடம் நான் தேக சௌக்கியத்துடனும் சிறிது வயிற்று உப்புசத்துடனும் இருக்கிறேன். அவ்விடம் பீடோரில் தாங்களும், தங்கள் இரண்டு முழங்கால்களும், மகன் மருமகள் பேரப்பிள்ளைகளும், காலையில் எழுப்ப மனிதர்களைவிடத் தாங்கள் அதிகம் நம்பும் அந்தச் சேவலும் குறைவின்றி இருக்க மேலே இருக்கிறவனை வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. ‘மாப்பிள்ளே, என் பிள்ளைகளும் என்னை அந்த இல்லத்தில் சேர்த்துவிடலாமா என்று அடுப்படியில் குசுகுசுக்கிறார்கள், நீர் போய் இருந்து பார்க்கிறீர், நல்லது எவ்வளவு கெட்டது எவ்வளவு என்று மறைக்காமல் எழுதும், அதை வைத்துத்தான் பெட்டியைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறேன்’ என்று கேட்டிருந்தீர்கள். இருபத்தொன்பது வருடம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவனிடம் இப்படிக் கேட்டால் அவன் சும்மா இருப்பானா? வந்த அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, இடது பக்கம் ‘நல்லது’, வலது பக்கம் ‘கெட்டது’ என்று தலைப்புப் போட்டு, சிவப்பு மையில் கோடும் இழுத்துவிட்டேன். அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆகையால் இதில் உள்ளதெல்லாம் ஆதாரபூர்வமானது.

முதலில் நான் இங்கு வந்த காரணம். என் மகன் சீனிக்கு ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே கிடைத்திருப்பது அஞ்சாவது மாடியில் ஒரு வீடு. லிஃப்ட் இருக்கிறதாம், ஆனால் இறங்குவதற்கு மட்டும்தான் ஓடுமாம். இதை என்னிடம் நேராகச் சொல்லத் தைரியமில்லாமல் சீனி ஒரு வாரம் தினமும் என்னை ஈப்போ பாசாருக்கு அழைத்துப் போய்க் கோப்பி வாங்கிக் கொடுத்தான். மூன்றாவது கோப்பியிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏழாவது கோப்பியில் அவன் கண் கலங்கிப் போய், ‘அப்பா, ரெண்டு வாரம் இருந்து பாருங்க, புடிக்கலன்னா மாடிப்படியில நான் தூக்கிட்டுப் போறேன்’ என்றான். சீனியின் முதுகு எனக்குத் தெரியும். அரிசி மூட்டையைத் தூக்கப் போய் மூன்று நாள் படுத்தவன். சரி, ரெண்டு வாரந்தானே என்று ஒத்துக்கொண்டேன். மனசுக்குள்ளே மட்டும், பிள்ளையைப் பெத்து வளர்த்து என்ன பிரயோசனம் என்று ஒரு மூலையில் எரிந்துகொண்டிருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கினேன். ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீனத் தவுக்கே முதலாளி ஒருத்தர் அந்தக் காலத்தில் கட்டிய பங்களா. இப்போது ஒரு தர்ம சங்கம் எடுத்து, ‘நிழல்தரு இல்லம்’ என்று பெயர் வைத்து நடத்துகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்த மத்தியாஸ் என்பவர் மேற்பார்வை, அவர் சம்சாரம் பெட்ரீசியா கூடமாட. நான் முழுக்கால் சட்டை, கழுத்தில் டை, கையில் குடையோடு, பெரிய கிராணிக்கு உரிய தோரணையில் காரை விட்டு இறங்கினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவன் என்னைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து, வாயிலிருந்த சுருட்டை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு, ‘சலாம் ஐயா’ என்றான். யாரென்று பார்த்தால் நம் ஊசிமலை ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அர்ச்சுனன். சுருட்டு அவன் கைலியைச் சுட்டுப் புகை வந்ததை அவன் கவனிக்கவில்லை, நானும் கௌரவம் கருதிச் சொல்லவில்லை. தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்ற பிறகு போக்கிடம் இல்லாத நம் ஆட்கள் ஒன்பது பேர் இங்கேதான் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நோட்டுப் புத்தகத்தில் முதல் வரியாக, ‘நல்லது: மரியாதை தெரிந்த ஆட்கள்’ என்று எழுதினேன். மை காய்வதற்குள் சமையல்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு செல்லாயி வந்தாள். அவளும் நம் தோட்டந்தான், பதினாலாம் நம்பர் காட்டில் பால் வெட்டியவள். என்னை மேலும் கீழும் பார்த்து, ‘வாங்க கிராணி. சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வாங்க, இப்பத்தான் கூட்டித் தொடச்சேன்’ என்றாள். வலது பக்கத்தில் முதல் வரி எழுதினேன்.

மறுநாள் காலை மணி அடித்ததும் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன், யாரும் எதுவும் கொண்டுவந்து வைக்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், என் முன்னால் வெறும் பலகை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘என்ன, எனக்குப் பசியாற ஒண்ணும் வரலியா?’ என்று கேட்டேன். உள்ளேயிருந்து செல்லாயி குரல், ‘இங்க யாருக்கும் எதுவும் நடந்து வராதுலா. மங்க எடுத்துக்கிட்டு வரிசையில வந்து நிக்கணும். இன்னைக்கித் தோசை முடிஞ்சுபோச்சு, ரொட்டி இருக்கு.’ மங்கு என்றால் எனாமல் தட்டு, ஆளுக்கு ஒன்று, ஓரத்தில் பெயர் எழுதியிருக்கும். என் வாழ்நாளில் நான் வரிசை போட வைத்திருக்கிறேன், நின்றது கிடையாது. அன்றைக்கு ரெண்டு காய்ந்த ரொட்டியைக் கோப்பியில் நனைத்துத் தின்றேன். அதற்கு அடுத்த நாள் முதல் ஆளாக நின்றேன். தோசை நன்றாயிருந்தது, அதை இடது பக்கம் எழுத வேண்டியதாகிவிட்டது.

என் அறையில் என்னோடு பத்துமலை என்று ஒருவர், நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். விழித்திருக்கும்போது பரம சாது, பேசவே மாட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார் என்றால் லாரியைக் கிளப்பிவிடுவார். கை கியர் மாற்றுகிறது, கால் பிரேக் மிதிக்கிறது, வாயிலே இன்ஜின் சத்தம். மேட்டில் ஏறும்போது குரல் இழுக்கும், இறக்கத்தில் நானே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். ‘தாப்பா வந்தாச்சு, எறங்குறவங்க எறங்கிக்கலாம்’ என்பார். முதல் ரெண்டு நாள் எரிச்சலாக இருந்தது மச்சான். மூணாம் நாள் அவரு தஞ்சோங் மாலிம் வரைக்கும் போயிட்டு, அங்கே யாரோ ரோட்டுக் குறுக்கே வர, இவரு பிரேக்க மிதிச்ச மிதியில கட்டிலே ஒரு அடி நகந்து என் கட்டில்ல வந்து மோதிடுச்சி. முழிச்சுப் பாத்து, ‘அடி ஒண்ணும் படலியே கிராணி?’ன்னு கவலையா கேட்டாரு. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சி. நவமணி போனப்புறம் மூணு வருஷமா என்னை யாரும் அந்தக் கேள்வி கேக்கல. இதை எந்தப் பக்கம் எழுதறதுன்னு தெரியாம கோட்டு மேலயே எழுதி வச்சிருக்கேன்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வாரேன். நாலாவது நாள் நான் கவனிச்சது என்னன்னா, இங்கே ஒழுங்கு போதாது. தேத்தண்ணிக்கு ஆளுக்கொரு நேரத்துக்கு வாராங்க, காலையில எழுந்து ஒருத்தர் கீரைப் பாத்தியில நிக்கிறாரு, ஒருத்தர் ரேடியோ கிட்ட நிக்கிறாரு, எத்தனை பேர் இருக்காங்க எத்தனை பேர் இல்லன்னு யாருக்கும் தெரியல. நான் ஒரு பேர்ப்பதிவு புத்தகம் தயார் பண்ணி, காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சி வாசல்ல நின்னு, அங்க தொங்குற மணியை எடுத்து அடிச்சி, தோட்டத்துல காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்குக் கூப்புடுற மாதிரியே ஒவ்வொரு பேரா கூப்பிட ஆரம்பிச்சேன். மச்சான், நீங்க நம்ப மாட்டீங்க. ‘அர்ச்சுனன்’னு கூப்பிட்டதும் ‘ஐயா’ன்னு குரல் வருது. கண்ணுகூட சரியாத் திறக்கல, பாதிப் பேர் வந்து வரிசையா நின்னுட்டாங்க. ஒரு அம்மா பால் வாளியத் தேடுறாங்க. அர்ச்சுனன், ‘கத்தி எங்க, என் கத்தியக் காணோம்’னு தேடுறான். பத்துப் பதினஞ்சு பேர் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் நெனப்பு வரல. அப்புறம் மெதுவா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கைலியோட, பல்லு இல்லாம, வாளிய வச்சிக்கிட்டு, அறுபது எழுபது வயசுல. எனக்கே ஏதோ தப்பாத் தெரிஞ்சுது. செல்லாயி அடுப்படியிலேருந்து வந்து, என் கையிலிருந்த புத்தகத்த மெதுவா வாங்கி, மூடி, ‘கிராணி, தோட்டத்த வித்தாச்சு. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?’ன்னு கேட்டா.

அன்னைக்கிப் பூரா என்கிட்ட யாரும் பேசல. சாயந்தரம் மத்தியாஸ் என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சி, ‘அண்ணே, நீங்க ஒரு புஸ்தகம் வச்சிக்கிட்டு இந்த எடத்துல நல்லது கெட்டது எழுதிட்டு இருக்கீங்களாமே’ன்னாரு. ஆமான்னு பெருமையாச் சொன்னேன். ‘நல்லது. ஆனா ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இங்கே புதுசா யாரு வந்தாலும் பதினாலாவது நாள் இருக்கறவங்க எல்லாம் கூடி, இவரு வேணுமா வேணாமான்னு ஓட்டுப் போடுவாங்க. ஒரு மைலோ டின்னு வைப்போம். வேணும்னா ரப்பர் கொட்டை, வேணாம்னா புளியங்கொட்டை. கூடி வாழற எடம்ல, அதான்’னாரு. மச்சான், நான் இந்த எடத்த நிறுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். இவங்க என்னைத் தராசுல ஏத்தி நாலு நாளாச்சி.

அப்புறம் நான் செஞ்சத எழுத வெக்கமாத்தான் இருக்கு. உங்களுக்குத்தானே, எழுதுறேன். எல்லாரையும் பாத்துச் சிரிச்சேன். சிரிச்சுப் பழக்கமில்லாததால ரெண்டு பேரு பல்லு வலியான்னு கேட்டாங்க. டொமினிக்குன்னு ஒரு பழைய ரயில்வே ஆளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன், குடுக்கிற வேகத்துல அவரு மடியிலேயே கொட்டிட்டேன், நல்ல வேளை செல்லாயி போட்ட தேத்தண்ணி, பாதி ஆறியிருந்துச்சி. ரோசரின்னு ஒரு அம்மா பாடினாங்க, பிரமாதம்னு கை தட்டினேன், அவங்க பாடல, கால்ல கட்டில் இடிச்சி முனகியிருக்காங்க. ஏழெட்டு நாளு ஆறதுக்குள்ள டின்னு நெறைய புளியங்கொட்டை விழுற மாதிரி என் கண்ணுக்கே தெரிய ஆரம்பிச்சிடுச்சி. நான் வேணாம்னு சொல்லிட்டுப் போறது வேற, என்னை வேணாம்னு சொல்லி அனுப்புறது வேற இல்லியா? சீனி முதுகுல ஏறி அஞ்சு மாடி போற காட்சி வேற மனசுல வந்து வந்து போச்சி.

பதினெட்டாந் தேதி சனிக்கிழமை சாயந்தரம் பெட்ரீசியா பெருசா ஒரு கேக்கு செஞ்சி மேசை மேல வச்சாங்க. அதுல ஒன்பது பேரோட பேரு எழுதியிருந்துச்சி. என்ன விசேஷம்னு கேட்டேன். பொறந்த நாளுன்னாங்க. யாருக்குன்னு கேட்டேன். ஒன்பது பேருக்கும்னாங்க. எல்லாம் நம்ம ஊசிமலை ஆளுங்க. நான் நல்ல பேரு வாங்கணும்கிற ஆசையில சபையில எழுந்து நின்னு, ‘ஒரே தோட்டத்துல ஒன்பது பேரு ஒரே தேதியில பொறந்திருக்கீங்களே, இது பெரிய அதிசயமாச்சே’ன்னேன். எல்லாரும் என்னையே பாக்கிறாங்க. அர்ச்சுனந்தான் கடைசியிலே, ‘என்ன ஐயா அதிசயம். அன்னைக்கி எங்க எல்லாத்தையும் ஒரே பேனாவுல பெத்துப் போட்டது நீங்கதான்லா’ன்னான்.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சி மச்சான். நாப்பத்தெட்டுல, கம்யூனிஸ்டு கலகத்தால அவசரகாலம் வந்ததும் எல்லாருக்கும் ஐசி, அதாவது அடையாளக் கார்டு, எடுக்கணும்னு சர்க்கார் உத்தரவு. நான் அப்போ சின்னக் கிராணி, இருபத்தெட்டு வயசு. ஒரே நாள்ல இருநூறு பேருக்கு விண்ணப்பப் பாரம் எழுதணும், வெள்ளைக்கார அதிகாரி கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறான். எப்பப் பொறந்தேன்னு கேட்டா, ‘மாடு கன்னு போட்ட அன்னைக்கி’ங்கிறாங்க, ‘தொரைக்கு மூத்த புள்ள பொறந்த வருஷம்’ங்கிறாங்க. எவ்வளவு நேரந்தான் கேக்கிறது. வருஷத்தக் குத்துமதிப்பாப் போட்டு, தேதிக்கு அன்னைக்கித் தேதியவே போட்டு முடிச்சேன். ஆகஸ்ட் பதினெட்டு. நானும் அத அப்பவே மறந்துட்டேன். இவங்க முப்பத்தாறு வருஷமா அத ஐசியில தூக்கிக்கிட்டுத் திரியிறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி, அவங்களும் சிரிச்சிட்டாங்க, டொமினிக்கு சிரிச்சு இருமல் வந்து தண்ணி குடிச்சாரு. செல்லாயி மட்டும் சிரிக்கல. கேக்கு குடுத்தாங்க, வேணாம்னுட்டா. ‘இது நான் பொறந்த நாளும் இல்ல, வருஷமும் இல்ல’ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

நான் பின்னாலயே போனேன். வெங்காயம் உரிச்சிக்கிட்டே சொன்னா, மொகத்தப் பாக்கல. ‘ஐசி எழுதுறப்ப, இருபத்தாறாம் வருஷம் பெரிய வெள்ளம் வந்தப்ப நீ என்ன பண்ணேன்னு கேட்டீங்க. மாடு மேச்சேன்னு சொன்னேன். ஏழு வயசு எனக்கு. நீங்க வெள்ளம் வந்த வருஷம் பொறந்தேன்னு எழுதிட்டீங்க. எழுபத்து நாலுல எனக்கு அம்பத்தஞ்சி ஆச்சி, கூட வெட்டுன பொம்பளைங்கல்லாம் ஓய்வு வாங்கிட்டுப் போனாங்க. நான் ஆபீசுக்கு வந்து, ஐயா என் வயசு தப்பா இருக்குன்னேன். சர்க்கார் எழுதினா தப்பாகாது, போ போன்னு சொன்னீங்க. சர்க்காரா எழுதிச்சி? ஏழு வருஷம் கூட மரம் வெட்டினேன் கிராணி. இங்க வந்தேன், ஐசிப்படி அறுபது ஆவலன்னுட்டாங்க. சங்கத்துச் சட்டம் அது. மத்தியாஸ் அண்ணன் பாவப்பட்டு என்னை அடுப்படி வேலைக்காரின்னு பேரு போட்டு வச்சிருக்காரு. அர்ச்சுனன விட நான் மூணு வயசு மூத்தவ. அவன் அங்க உக்காந்து கேக்கு திங்கிறான்.’ அவ அழல. வெங்காயத்துக்கு நான்தான் அழுதேன், அவளுக்குப் பழகிப்போச்சு.

எழுபத்து நாலுல அவ ஆபீஸ் வாசல்ல வந்து நின்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கி நான் தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. அதுக்கு மேல எதுவும் எழுதத் தோணல மச்சான், விட்டுடறேன். ரெண்டு நாள் நோட்டுப் புத்தகத்தத் தொடவே இல்ல. அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். அவ பத்தொன்பதாம் வருஷம் பொறந்தவ. நான் இருபது. என்னை விட ஒரு வயசு மூத்தவள இருபத்தொன்பது வருஷமா ‘ஏய்’னு கூப்பிட்டிருக்கேன். திங்கக்கிழமை அடுப்படிக்குப் போய், ‘அக்கா, நாளைக்கி ஈப்போவுக்குப் போலாம், ஐசிய எடுத்துக்குங்க’ன்னேன். யாரக் கூப்பிடுறேன்னு அவங்க திரும்பிப் பாத்தாங்க.

செவ்வாக்கிழமை ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். அவங்க நீலப் புடவை கட்டி, தலையில பூ வச்சி, ஐசிய கைக்குட்டையில முடிஞ்சி கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. ஈப்போவுல முதல்ல சூராட் சும்பா போடணும், அதாவது சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிற கடுதாசி. ஒரு கடை மாடியில அதுக்கு ஒருத்தர் இருக்காரு, வயசான சீனர், டைப் மிஷின் முன்னால உக்காந்து, ‘தப்பு எப்படி ஆச்சுன்னு போடணும். பழைய ரெக்கார்டு சண்டை காலத்துல தொலைஞ்சுபோச்சுன்னு போடவா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க’ன்னு இங்கிலீசுல கேட்டாரு. மச்சான், உண்மையச் சொல்றேன், எனக்கு அது ரொம்ப நல்ல வழியாத் தெரிஞ்சுது. சண்டை மேல போட்டுட்டா யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்ல. பக்கத்துல செல்லாயி அக்கா இங்கிலீசு தெரியாம மேல சுத்துற காத்தாடியப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் என்ன போட்டாலும் தெரியப்போறதில்ல. அந்தக் காத்தாடி ஒரு நாலு சுத்து சுத்தியிருக்கும். ‘தொலையல. நான் காது குடுத்துக் கேக்கல, தப்பா எழுதிட்டேன், கேட்டு வந்தப்பவும் திருத்தல. அப்படியே போடுங்க’ன்னேன். அவரு கண்ணாடிக்கு மேல என்னை ஒரு பார்வை பாத்துட்டு டைப் அடிச்சாரு. இருபத்தொன்பது வருஷம் ஆயிரக்கணக்கான காகிதத்துல கையெழுத்துப் போட்டவன், அன்னைக்கிப் போட்ட கையெழுத்து கோணலா விழுந்துச்சி.

பதிவு ஆபீஸ்ல ஒரு மலாய்க்காரப் பொண்ணு, நல்ல மரியாதை. காகிதத்தப் படிச்சிட்டு, பெரியவரேங்கிற மாதிரி, ‘பக்சிக், இவங்களுக்கு நீங்க என்ன ஒறவு?’ன்னு கேட்டுச்சி. செல்லாயி அக்காவே முந்திக்கிட்டு சந்தையில பேசுற பாசார் மலாய்ல, ‘இவரு எங்க தோட்டத்து கிராணி. நான் எப்பப் பொறந்தேன்னு எங்கம்மாவ விட இவருக்குத்தான் நல்லாத் தெரியும்’னாங்க. அந்தப் பொண்ணு சிரிச்சிட்டே முத்திரை குத்திச்சி. புது ஐசி வர மாசக்கணக்கா ஆகும், அது வரைக்கும் வச்சிக்குங்கன்னு ஒரு சீட்டு குடுத்துச்சி. ‘பொறந்த தேதி சரியாத் தெரியுமா மக்சிக்?’ன்னு கேட்டதுக்கு, அக்கா கைக்குட்டைய மடிச்சிக்கிட்டே, ‘தேதி பதினெட்டே இருக்கட்டும். ஒன்பது பேரும் ஒண்ணா வெட்டுறதுதான் நல்லாருக்கு. வருஷத்த மட்டும் குடுத்துடுங்க’ன்னாங்க. வெளியில வந்து கோப்பிக் கடையில அவங்கள உக்கார வச்சிட்டு, நான் போய் ரெண்டு தேத்தண்ணி வாங்கிக் கையில ஏந்திக் கொண்டுவந்து வச்சேன். ஒரு வாய் குடிச்சிட்டு, ‘ஆறிப்போச்சு’ன்னாங்க. ஆனா முழுசும் குடிச்சாங்க.

நேத்து வெள்ளிக்கிழமை ஓட்டு. மத்தியாஸ் மைலோ டின்ன மேசை மேல வச்சாரு. சீட்டப் பாத்து அன்னைக்கிக் காலையிலேயே செல்லாயி அக்காவ முறைப்படி இல்லத்துல சேத்துட்டதால அவங்களுக்கும் முதல் தடவையா ஓட்டு. ஓட்டுக்கு முன்னால வந்தவரப் பத்தி நல்லது கெட்டது யாரும் சொல்லலாம். டொமினிக்கு எழுந்து, ‘தேத்தண்ணி குடுக்க விடாம பாத்துக்கணும், மத்தபடி சரி’ன்னாரு. பத்துமலை, ‘என் லாரியில வந்தவங்கள்ல இவரு ஒருத்தருதான் எறங்குறேன்னு சொல்லாதவரு’ன்னாரு. செல்லாயி அக்கா எழுந்து, ‘கிராணி தப்பா எழுதினாரு. திருத்தி எழுதினாரு. திருத்துற கிராணிய நான் பாத்ததில்ல’ன்னு அவ்வளவுதான் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. டின்னக் கவுத்தப்போ மேசை பூரா ரப்பர் கொட்டை உருண்டோடுச்சி, ஒரே ஒரு புளியங்கொட்டை. யாரு போட்டதுன்னு நான் சுத்திமுத்திப் பாக்கறதுக்குள்ள அர்ச்சுனனே, ‘நாந்தான் ஐயா. எல்லாரும் ரப்பர் கொட்டை போட்டா ஒங்களுக்குத் தலைக்கனம் ஏறிடும்லா’ன்னான், இந்தத் தடவை சுருட்ட மறைக்காம.

ஆகவே மச்சான் அவர்களே, தாங்கள் கேட்ட கேள்விக்கு என் முடிவான பதில். கெட்டது என்று பார்த்தால், சொந்தப் பிள்ளை பக்கத்தில் இல்லை, அந்த எரிச்சல் முழுசா அணையாது, சாயந்தரமானால் சீனி இந்நேரம் வேலை விட்டு வந்திருப்பான் என்று மனசு ஜொகூருக்கு ஓடும். வரிசையில் நிற்க வேண்டும். குழம்பில் புளி தூக்கல். பழைய ஆட்கள் எதையும் மறக்க மாட்டார்கள். நல்லது என்று பார்த்தால், பழைய ஆட்கள் எதையும் மறக்க மாட்டார்கள். அதே வாக்கியத்தை இரண்டு பக்கத்திலும் எழுதியிருக்கிறேன், கைத்தவறு என்று நினைக்க வேண்டாம். இங்கே யாரும் யாரையும் சும்மா உட்காரவைத்து சாமி படம் மாதிரி மாலை போட்டுப் பார்க்கிறதில்லை, ஏசுகிறார்கள், சிரிக்கிறார்கள், தட்டைக் கழுவு என்கிறார்கள். இந்தப் பதினாலு நாளில் நான் பேசிய பேச்சு கடந்த மூன்று வருடம் பேசியதைவிட அதிகம். ஆகையால் நான் இந்த இல்லத்தின் முழு உறுப்பினனாக நிரந்தரமாகத் தங்குவதென்று தீர்மானித்துவிட்டேன். தாங்களும் தயங்காமல் பெட்டியைக் கட்டுங்கள். சேவலை விட்டுவிட்டு வரவும், இங்கே மணி இருக்கிறது.

வீட்டில் எல்லாருக்கும் வயதுக்குத் தக்கபடி என் வணக்கத்தையும் ஆசியையும் பங்கு வைத்துக் கொடுக்கவும். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறவர்களாக வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
மு. உடையப்பன்
முன்னாள் பெரிய கிராணி, ஊசிமலைத் தோட்டம்
இந்நாள் உறுப்பினர், நிழல்தரு இல்லம், காம்பார்

பின்குறிப்பு: மச்சான், மேலே ‘இந்நாள் உறுப்பினர்’னு எழுதியிருக்கிறத தயவுசெஞ்சி பேனாவால அடிச்சிடுங்க. கவரை ஒட்டப் போற நேரத்துல மத்தியாஸ் மொகம் வாடிப்போய் வந்தாரு. சங்கத்துச் சட்டப்படி இங்கே இருபத்துநாலு பேருக்கு மேல சேக்கக் கூடாதாம். இருந்தது இருபத்துமூணு. செல்லாயி அக்கா சேந்ததும் இருபத்துநாலு ஆயிடுச்சி. எனக்கு எடமில்ல. பெட்டியக் கட்டலாம்னு எழுந்தேன். மத்தியாஸ், ‘அண்ணே, அக்கா உறுப்பினரா மேல போயிட்டதால அடுப்படி வேலை மட்டும் காலியா இருக்கு, அதுக்கு வயசு சட்டம் ஒண்ணும் கிடையாது’ன்னாரு. நான் சரின்னுட்டேன். ஆகவே இந்த இல்லத்தின் நல்லது கெட்டதப் பத்தி நான் எழுதினது எதையும் நம்பி முடிவெடுக்க வேணாம், அதெல்லாம் மேசையில உக்காந்து சாப்பிடுறவன் எழுதினது. அடுப்பு பக்கத்துலேருந்து பாத்தா எல்லாமே வேற மாதிரி இருக்கு. நாளைக்கி முதல் தோசை நான் சுடணும், செல்லாயி அக்கா இப்பவே மங்கத் துடைச்சி வச்சிட்டு, வட்டமா வரணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. தனியாச் சமாளிக்க முடியாதுன்னு மத்தியாஸ் கிட்ட சொன்னேன், இன்னொரு ஆளு போட்டுக்கலாம்னு ஒத்துக்கிட்டாரு. உங்களுக்குத் தேங்காய் துருவத் தெரியுமா? தெரிஞ்சா, இந்தக் கடுதாசி கண்டதும் பதில் போடுங்க.